நெட் இல்லாத நாளிலும் மெயில் கையில்: வாசகர் கேள்வி - பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: பிரவுசரில் பார்க்கும் மெயிலைக் கணினியில் உள்ள மெயில் புரோகிராமுக்குக் கொண்டுவருவது எப்படி? அவற்றைச் சேர்த்துத் தருகிறோம். சர்வர் முகவரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், ‘டாட்’ என்ற இடத்தில் புள்ளி வையுங்கள். ‘ஐமேப்’ என்பது ஐ, எம், ஏ, பி. ‘எஸ்எம்டிபி’ என்பது எஸ், எம், டி, பி.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் பில், ஃபார்ம் 16, நோட்டீஸ் எல்லாம் ஜிமெயிலில்தான் கிடக்கின்றன. ஃபெஞ்சல் புயல் சமயத்தில் நெட் போய்விட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் ஒரு மெயிலைக்கூடத் திறக்க முடியவில்லை. பழைய மெயில் முழுவதையும் கணினியிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, காசும் செலவில்லை. பிரவுசரில் நீங்கள் பார்ப்பது கூகுள் சர்வரில் இருக்கும் மெயிலை. நெட் அறுந்தால் அதுவும் அறுந்துவிடும். குரோம் பிரவுசரில் திறந்தால் ஜிமெயில் செட்டிங்ஸுக்குள் ‘ஆஃப்லைன்’ என்று ஒரு வசதி இருக்கிறது. 7, 30 அல்லது 90 நாள் மெயிலைக் கணினியில் பிடித்து வைக்கும். ஆனால் வரி வேலைக்கு 90 நாள் எந்த மூலைக்கு? மூன்று வருஷத்துக்கு முந்தைய நோட்டீஸ்தான் திடீரென்று தேவைப்படும். அதனால் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம். புயல் அடிக்கடி வந்து போகும் இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நாங்கள் இதைத்தான் அழுத்திச் சொல்வோம்.

கணக்கைச் சேர்க்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: ஐமேப்பா, பாப்பா? இவை சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் இரண்டு முறைகள். ஐமேப்பில் மூலப்பிரதி சர்வரிலேயே இருக்கும், கணினியில் இருப்பது நகல். போனில் படித்த மெயில் கணினியிலும் படித்ததாகக் காட்டும். கணினியில் அழித்தது போனிலும் போய்விடும். பாப் அப்படியில்லை. மெயிலை இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லி வைக்காவிட்டால், பல சர்வர்களில் சில நாளில் அங்கே இருப்பதை அழித்தும் விடும். போன், கணினி இரண்டிலும் மெயில் பார்க்கிறவர் ஐமேப்பையே எடுக்க வேண்டும்.

தண்டர்பேர்டைத் திறந்து, மூன்று கோடு மெனுவில் ‘நியூ அக்கவுன்ட்’, அதில் ‘ஈமெயில்’. உங்கள் பெயரையும் முழு மெயில் முகவரியையும் கொடுங்கள். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் டாட் காம் போன்ற பெரிய சேவைகளின் சர்வர் விவரம் அதற்கே தெரியும். ஐமேப் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துத் தொடருங்கள். கூகுளின் லாகின் ஜன்னல் தனியாகத் திறக்கும். அங்கே பாஸ்வேர்டு கொடுத்து அனுமதி தந்தால் கணக்கு சேர்ந்துவிடும். அந்த ஜன்னல் வெறுமையாக நின்றாலோ, திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தாலோ, தண்டர்பேர்டு செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதிக்குப் போய் குக்கீகளை ஏற்கும் டிக்கைப் போடுங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இந்த ஒரு டிக்கில்தான்.

தானாகக் கண்டுபிடிக்காவிட்டால் கையால் கொடுக்க வேண்டியவை: வரும் மெயிலுக்கு ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் (சர்வரில் நுழையும் வாசல் எண்) 993, பாதுகாப்பு (மறையாக்க முறை) எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். இரண்டிலும் யூசர்நேம் முழு மெயில் முகவரி. ‘அட்’ குறிக்கு முன்னால் இருக்கும் பெயர் மட்டும் போதாது. சரிபார்ப்பு முறை ஓஆத்2, அதாவது மேலே சொன்ன லாகின் ஜன்னல் வழியே அனுமதி பெறும் முறை. ஜிமெயிலுக்குள் போய் ஐமேப்பை ‘ஆன்’ செய்யச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பார்த்து அந்தப் பட்டனைத் தேட வேண்டாம். தனிநபர் கணக்குகளில் 2025 ஜனவரி முதல் ஐமேப் எப்போதும் திறந்தே இருக்கிறது.

இனி முக்கியமான இடம். அக்கவுன்ட் செட்டிங்ஸில் ‘சிங்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ்’ என்ற பக்கத்தைத் திறங்கள். மேல் பாதியில், இந்தக் கணக்கின் மெயில்களைக் கணினியில் வைத்துக்கொள் என்ற டிக் இருக்கும். அதைப் போடுங்கள். அதன் கீழே எல்லா மெயிலையும் ஒத்திசை, அல்லது கடைசி இத்தனை நாள் மெயிலை மட்டும் ஒத்திசை என்று இரண்டு தேர்வு. இதில் எதைத் தொட்டாலும் பாதகமில்லை. கணினியில் நகல் கூடும், குறையும், அவ்வளவுதான். கீழ் பாதியில் டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்துவதற்கென்று இன்னொரு தொகுதி. அங்கேயும் ‘இத்தனை நாளுக்கு மேற்பட்டவை’ என்று அதே தோரணையில் ஒரு வரி வரும். அது நகலை மட்டும் அழிப்பதில்லை, சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்து நிரந்தரமாக அழித்துவிடும். ஒரே பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் கை மாறிவிடும். அங்கே ‘எந்த மெயிலையும் அழிக்காதே’ என்பதே இருக்கட்டும்.

அதே பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ பட்டனை அழுத்தினால் எந்தெந்த ஃபோல்டர் கணினிக்கு இறங்க வேண்டும் என்ற பட்டியல் வரும். ஜிமெயிலில் ‘ஆல் மெயில்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. இன்பாக்ஸில் இருப்பதும், லேபிள் ஒட்டியதும், அனுப்பியதும் எல்லாம் அதற்குள்ளும் இருக்கும். இரண்டையும் இறக்கினால் ஒரே மெயில் இரண்டு தடவை டிஸ்க்கை அடைக்கும். ஆகவே ஒன்றை மட்டும் வையுங்கள். மெயிலை ‘ஆர்கைவ்’ செய்யும் பழக்கம் இருந்தால் ‘ஆல் மெயில்’ மட்டும் போதும். ஆர்கைவ் செய்தவை அங்கேதான் இருக்கும். எல்லாவற்றையும் இன்பாக்ஸிலேயே விட்டு வைப்பவர் ‘ஆல் மெயில்’ டிக்கை எடுத்துவிட்டு இன்பாக்ஸையும் ‘சென்ட்’டையும் வைக்கலாம்.

முதல் தடவை இறங்க நேரமாகும். ஐமேப் வழியே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. அலுவலகக் கணக்குகளுக்கு அது அறிவித்திருப்பது 2,500 எம்பி. பத்து ஜிபி மெயில் இருந்தால் ஒரே ராத்திரியில் முடியாது. நாலைந்து நாள் விட்டு விட்டு ஓடட்டும். ஐப்பசி பிறக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஆரம்பிக்காதீர்கள். எச்சரிக்கை வந்த நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘ஃபைல்’ மெனுவில் ‘ஆஃப்லைன்’, அதில் ‘டவுன்லோட்/சிங்க் நவ்’. நெட் இல்லாத நேரத்தில் பதில் எழுதி ‘சென்ட் லேட்டர்’ கொடுத்தால் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். நெட் வந்ததும் அதே ‘ஃபைல்’ மெனுவில் ‘சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்’ கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஐமேப் நகலை பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. யாராவது போனில் அழித்தால் அடுத்த ஒத்திசைவில் உங்கள் கணினியிலும் அது இருக்காது. ஆண்டுக்கு ஒரு தடவை, அந்த நிதியாண்டின் மெயில்களைத் தேர்ந்தெடுத்து ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் காப்பி செய்யுங்கள். ‘மூவ்’ அல்ல, ‘காப்பி’. லோக்கல் ஃபோல்டர்ஸ் எந்த சர்வரோடும் சேர்ந்ததல்ல. அங்கே இருப்பதைப் போனிலிருந்து யாரும் அழிக்க முடியாது.

கேள்வி: லாஸ்பேட்டை. அலுவலகக் கணினியில் அவுட்லுக் 2010. பிரவுசரில் ஜிமெயில் திறக்கிறது. அதே பாஸ்வேர்டை அவுட்லுக்கில் கொடுத்தால் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கிறது. முன்பு நன்றாகத்தான் ஓடியது.

பதில்: உங்கள் பாஸ்வேர்டில் தவறில்லை. வெறும் யூசர்நேம், பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து நுழையும் புரோகிராம்களுக்கு 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் கதவை மூடியது. அவுட்லுக் 2010-க்கு ஓஆத்2 தெரியாது. அதற்கு இருக்கும் ஒரே வழி ‘ஆப் பாஸ்வேர்டு’, அதாவது ஒரு புரோகிராமுக்கென்று கூகுள் தனியாக உருவாக்கித் தரும் பாஸ்வேர்டு.

முதலில் கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்ய வேண்டும். அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்டு பக்கம் திறக்காது. பிறகு கணக்கு பக்கத்தின் தேடல் பெட்டியில் ‘ஆப் பாஸ்வேர்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, ‘ஆபீஸ் அவுட்லுக்’ என்பது போல ஒரு பெயர் கொடுத்து உருவாக்குங்கள். 16 எழுத்து வரும், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். ஒரே ஒரு முறைதான் காட்டும், மூடிவிட்டால் மீண்டும் பார்க்க முடியாது. அவுட்லுக்கில் பாஸ்வேர்டு இடத்தில் அந்த 16 எழுத்தை இடைவெளி இல்லாமல் கொடுங்கள். ‘மோர் செட்டிங்ஸ்’ உள்ளே ‘அவுட்கோயிங் சர்வர்’ தாவலில், போகும் சர்வருக்கும் சரிபார்ப்பு தேவை என்ற டிக்கையும் போடுங்கள்.

கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். ‘நேற்றுவரை வந்தது, இன்று வரவில்லை’ என்று எழுதுபவர்களில் பலர் இடையில் பாஸ்வேர்டு மாற்றியவர்கள்தான். புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுத்தால் சரியாகும்.

ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரி உள்ளவர்களுக்கு இந்த வழியும் கிடையாது. 2024 செப்டம்பர் 16 முதல் அங்கே ஓஆத்2 மட்டும்தான். அவர்கள் தண்டர்பேர்டுக்கு மாறுவதே நல்லது. உங்களுக்கும் அதையே சொல்வோம், ஏனென்றால் அவுட்லுக் 2010-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபரிலேயே பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. கணினி விண்டோஸ் 7 ஆக இருந்தால் தண்டர்பேர்டு 115 வரைதான் அதில் ஏறும்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். மெயில் எல்லாம் வருகிறது, அனுப்பினால் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து ‘டைம் அவுட்’ ஆகிறது. சில சமயம் சின்ன மெயில் போகிறது, ஷிப்பிங் ஆவணங்கள் சேர்த்தால் போவதில்லை.

பதில்: இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. மெயில் வருவதற்கும் போவதற்கும் வேறு வேறு சர்வர் என்பதால் ஒன்று ஓடி மற்றது நிற்பது சகஜம். அக்கவுன்ட் செட்டிங்ஸின் இடது பக்கப் பட்டியலில் கடைசியாக ‘அவுட்கோயிங் சர்வர்’ இருக்கும். அங்கே போர்ட்டும் பாதுகாப்பு முறையும் ஜோடியாகப் பொருந்த வேண்டும். 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். மாற்றிப் போட்டால் ஒரு முனை மறையாக்கத்தோடு பேச ஆரம்பிக்கும், மறுமுனை சாதாரணப் பேச்சுக்குக் காத்திருக்கும். தவறு என்று சட்டென்று சொல்லாது, நீங்கள் சொன்னபடி சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்பேமைத் தடுக்க 25-ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்து வைத்திருப்பதால் அதைப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். சில இடங்களில் 465 ஓடும், 587 ஓடாது. சில இடங்களில் நேர்மாறு. ஜோடியாக மாற்றி இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது அளவு. ஜிமெயில் 25 எம்பி வரை அனுப்பும். ஆனால் அட்டாச்மென்ட் மெயிலில் போகும்போது வெறும் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடிவிடும். ஆக ஹார்ட் டிஸ்க்கில் 18 எம்பி காட்டும் ஃபைலே எல்லையைத் தொட்டுவிடும். பில் ஆஃப் லேடிங், பைட்டோசானிட்டரி சான்றிதழ் போன்றவற்றை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. 200 டிபிஐ, கிரேஸ்கேல், பிடிஎஃப் போதும். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகவே தெரியும். அதற்கும் மேலே போனால் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். வாங்குபவரின் சர்வர் வரம்பு உங்களுடையதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், அதனால் ஒரு மெயிலை 10 எம்பிக்குள் அடக்குவது பழக்கமாகவே இருக்கட்டும்.

கேள்வி: முத்தியால்பேட்டை, புதுச்சேரி. பிரான்சில் இருக்கும் உறவினர் அனுப்பும் பிரெஞ்சு மெயிலில் எழுத்துகள் குதறிக் கிடக்கின்றன. தமிழ் மெயிலும் சில சமயம் அப்படித்தான். போனில் சரியாகத் தெரிகிறது.

பதில்: போனில் சரியாகத் தெரிந்தால் மெயிலில் கோளாறில்லை, உங்கள் புரோகிராம் அதைத் தவறான எழுத்து முறையில் படிக்கிறது. தலையில் கோடு போட்ட பிரெஞ்சு ‘இ’ வர வேண்டிய இடத்தில், நெளிகோடு போட்ட பெரிய ‘ஏ’வும் பக்கத்திலேயே காப்பிரைட் குறியும் தெரிகிறதா? யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் எழுதிய மெயிலைப் பழைய மேற்கத்திய முறையில் படித்தால் அப்படித்தான் வரும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் (எழுத்தோ, அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளியோ) மூன்று பைட். அதனால் ஒவ்வொன்றும் சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’வில் ஆரம்பித்து, பெரும்பாலும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியோடு தொடரும். தண்டர்பேர்டில் மெயிலைத் திறந்து வைத்து ‘வியூ’ மெனுவில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ கொடுங்கள். அனேகமாக அங்கேயே நேராகிவிடும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறி வரிசையாக வந்தால் வழியிலேயே எழுத்து அழிந்துவிட்டது என்று பொருள். இங்கே என்ன செய்தும் திரும்பாது. மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதுதான். தமிழ் மெயில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக மட்டும் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது. அதை யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்கலாம்.

கேள்வி: வில்லியனூர். காலையில் கணினியைப் போட்டதும் ‘சர்டிஃபிகேட் நம்பகமானதல்ல’ என்று எச்சரிக்கை. கொஞ்ச நேரம் கழித்துச் சரியாகிவிடுகிறது.

பதில்: திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருஷம் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சர்டிஃபிகேட் என்பது சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்று. அது ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தேதிக்குள்தான் செல்லும், கணினி வேறு வருஷத்தில் நின்றால் எல்லாமே செல்லாததாகத்தான் படும். விண்டோஸ் நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிச் சரிசெய்த பிறகு எச்சரிக்கை நின்றுவிடுகிறது. 3 வோல்ட் பேட்டரிதான், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் சர்டிஃபிகேட்டைத் திறந்து அதை வழங்கியது யார் என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் பெயர் இருந்தால் அதன் மெயில் ஸ்கேன் நடுவில் புகுந்திருக்கிறது. எதுவானாலும் காரணம் தெரியாமல் விதிவிலக்கு கொடுக்கும் பட்டனை அழுத்தாதீர்கள்.

கேள்வி: கடலூர் சிப்காட் பகுதியில் சிறு நிறுவனம். நான்கு கணினியிலும் ஒரே ஜிமெயில் முகவரி. ‘இணைப்புகள் அதிகம்’ என்று சொல்லி ஏதாவது ஒன்று நின்றுவிடுகிறது.

பதில்: ஒரு ஜிமெயில் கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புதான். தண்டர்பேர்டு ஒவ்வொன்றும் 5 வரை எடுக்கும். மூன்று கணினியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது, நான்காவதுக்கு மிச்சமில்லை. நான்கிலும் சர்வர் செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு’ போய், இணைப்பு எண்ணிக்கையை 5-லிருந்து 2 ஆக்குங்கள். போன்களுக்கும் இடம் மிஞ்சும். நான்கில் எதிலாவது பாப் போட்டிருந்தால் அதை ஐமேப்பாக மாற்றிவிடுங்கள். ஜிமெயிலின் பாப் பகுதியில் ‘எடுத்த பின் அழி’ என்று யாராவது வைத்திருந்தால் முதலில் திறந்தவர் கணினிக்கு மட்டும் மெயில் போய், மற்ற மூவரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர். சொந்த டொமைனில் ஜோஹோ மெயில், இலவசத் திட்டம். தண்டர்பேர்டு ஏற்க மறுக்கிறது.

பதில்: இலவசத் திட்டத்தில் ஐமேப்பும் பாப்பும் இல்லை, பிரவுசரும் ஜோஹோவின் சொந்த ஆப்பும் மட்டும்தான். கட்டணத் திட்டத்துக்குப் போனால் சர்வர் பெயர் ஐமேப்ப்ரோ (ஐமேப் எழுத்துகளோடு பி, ஆர், ஓ) டாட் ஜோஹோ டாட் இன், போர்ட் 993. இந்தியாவில் தொடங்கிய கணக்குக்குக் கடைசியில் ‘இன்’. ‘காம்’ போட்டால் பாஸ்வேர்டு தவறு என்றே சொல்லும்.

கேள்வி: கடலூர் முதுநகர். கடைக்குப் புதுக் கணினி வாங்கிவிட்டோம். பழையதில் பாப் முறையில் பல வருஷ மெயில். எப்படி மாற்றுவது?

பதில்: ஐமேப்பாக இருந்திருந்தால் புதுக் கணினியில் கணக்கைச் சேர்த்தாலே எல்லாம் வந்துவிடும். பாப் என்பதால் மெயில் இருப்பது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டும். அதை வாங்கியவரிடமோ காயலான் கடையிலோ கொடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

தண்டர்பேர்டில் குப்பையையும் ஸ்பேமையும் காலி செய்து, ‘ஃபைல்’ மெனுவில் ‘காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்’ கொடுங்கள். அழித்த மெயில் இதைச் செய்யும்வரை ஃபைலுக்குள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்து ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்து, ‘புரொஃபைல் ஃபோல்டர்’ வரியில் ‘ஓபன் ஃபோல்டர்’ அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். திறந்திருக்கும்போது காப்பி எடுத்தால் பாதி எழுதிய ஃபைல் வந்து சேரும். அந்தப் புரொஃபைல் ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள்.

உள்ளே பார்த்தால் ‘இன்பாக்ஸ்’ என்ற பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு பெரிய ஃபைலும், அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் சிறிய ஃபைலும் இருக்கும். பெரியதில்தான் மெயில் முழுவதும் இருக்கிறது. சிறியது வெறும் அட்டவணை, போனாலும் தண்டர்பேர்டே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பெரிய ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் இருக்கும் பென் டிரைவ் அதை வாங்காது, இடமிருந்தாலும் ஃபைல் மிகப் பெரியது என்று சொல்லும். பென் டிரைவைக் காலி செய்து எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிட்டு ஏற்றுங்கள்.

புதுக் கணினியில் அதே பதிப்பு அல்லது அதைவிடப் புதிய தண்டர்பேர்டைப் போட்டு, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘இம்போர்ட்’ மூலம் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய மெயில், முகவரிப் புத்தகம், கணக்கு விவரம், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் வந்துவிடும். பாஸ்வேர்டும் சேர்ந்து வருவதால் வேலை முடிந்ததும் பென் டிரைவிலிருந்து அந்த நகலை அழித்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஒரு மாதம் எடுத்து வைத்திருங்கள். அதற்குள் பழைய பில் ஒன்றைத் தேடித் திறந்து, அட்டாச்மென்டோடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.